மாசாணம் பார்க்காத கோல்

மாசாணம் திரும்பி நின்றதால்தான் காளவாய் பிரதர்ஸ் கோப்பையை ஜெயித்தது என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் சுண்ணாம்புக் காளவாய்ப் பக்கம் வந்து சிரிக்காதீர்கள். அங்கே யூனுஸ் கடையில் டீ குடிக்கிற யாரைக் கேட்டாலும், பந்தை உதைத்தது பிரான்சிஸ், கோப்பையை வாங்கித் தந்தது மாசாணத்தின் முதுகு என்று அடித்துச் சொல்வார்கள்.

காளவாய் பிரதர்ஸ் அந்தப் பகுதியின் கால்பந்துக் குழு. பகலெல்லாம் லேத் பட்டறையிலும் பழைய இரும்புக் கடையிலும் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் ஒரு மணி நேரம் பந்தை உதைக்கிறவர்கள். அந்தக் கோப்பைக்கு முன்னால் பதினெட்டு வருஷம் ஆடியும் ஒரு பித்தளைச் சொம்புகூட ஜெயித்ததில்லை. ரசிகர்கள் என்று சொல்லிக்கொள்ளப் பதினாலு பேர். அதில் ஒருவர் மாசாணம். பூர்வீகம் ஆனைமலை, பெயரும் அந்த ஊர் அம்மன் கொடுத்தது. கோயமுத்தூருக்கு வந்து சொந்தமாக ஒரு வேன் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். வெளியூர் ஆட்டம் என்றால் குழு பஸ்ஸில் போகும், ரசிகர்கள் மாசாணத்தின் வேனில் போவார்கள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. 2003-ஆம் வருஷம் பொள்ளாச்சியில் ஓர் ஆட்டம். மாசாணம் வண்டியை நிறுத்திவிட்டு வந்து மைதானத்தைப் பார்த்தார், எதிரணி கோல் போட்டது. கடலை வாங்கப் போனார், பிரதர்ஸ் கோல் போட்டது. திரும்பி வந்தார், மறுபடி எதிரணி. அடுத்த இரண்டு ஆட்டத்திலும் இதே கதை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று சொல்லலாம். மூன்று தடவை காக்கை உட்கார்ந்து மூன்று தடவையும் பழம் விழுந்தால், மரத்தடியில் யார் உட்காருவார்கள்?

ரசிகர்களுக்குத் தலைவர் டீக்கடை யூனுஸ். அவர் யோசித்தார். மாசாணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம் என்றால் வேன் மாசாணத்தினுடையது, அந்தக் கிழட்டு வண்டியின் கியர் அவர் ஒருவர் கைக்குத்தான் மசியும். ஆகவே ஒரு தீர்ப்புச் சொன்னார். மாசாணம் ஆட்டத்துக்கு வரலாம், ஆனால் மைதானத்துக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். போரில் புறமுதுகு காட்டினால் இழுக்கு என்பார்கள். மாசாணம் காட்டிய புறமுதுகுக்கு ஊரே மரியாதை செய்தது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. தன் கண்ணுக்கு அப்படியொரு ராசி இருப்பதாக அவரே நம்பினார் என்பதுதான் இதில் விசேஷம்.

அவருடைய பரிதாபத்தைப் பார்த்து மனம் இளகியவர் ஒரே ஒருவர்தான், பழைய இரும்புக் கடை நசுருதீன். அவர் கடை லோடு முழுக்க மாசாணத்தின் வண்டியில்தான் போகும், அப்படி வந்த சிநேகிதம். திரும்பி நிற்கிற மாசாணத்துக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, அவர் தோளுக்கு மேலாக ஆட்டத்தைப் பார்த்து, நடப்பதை நடப்பது போலவே சொல்லுவார். “மாப்ளே, இப்ப பந்து நம்ம பக்கம் வருது. ஒருத்தன் உழுந்துட்டான். எந்திரிச்சுட்டான்.” இப்படியே போகும். மாசாணம் பார்த்த கால்பந்தெல்லாம் நசுருதீனின் வாயும் கண்ணும்தான்.

2004 தை மாதம், ஈரோட்டில் கொங்கு வெள்ளிக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரே உள்ளூர் ஜங்ஷன் லெவன். ஆட்ட நேரம் முடிந்தபோது ஆளுக்கொரு கோல். அப்புறம் ஆளுக்கு ஐந்து பெனால்ட்டி. இரண்டு பக்கமும் நாலு நாலு என்று இருந்தபோது ஜங்ஷன்காரர்களின் ஐந்தாவது உதை வானத்துக்குப் போனது. பிரதர்ஸின் கடைசி உதை பிரான்சிஸ் கையில், அதாவது காலில். அவன் அடித்தான், கோல் விழுந்தது, கோப்பை வந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, யூனுஸ் கடை மாடியில் எல்லாரும் கூடுவார்கள். பிரியாணி சாப்பிட்ட பிறகு நசுருதீன் எழுந்து அந்தக் கோலைச் சொல்லுவார். “பிரான்சிஸ் எட்டடி பின்னால போனான். நின்னான். கோலி இடப்பக்கம் ஒரு நூலு சாஞ்சான். அடிச்சான் பாருங்க ஒண்ணு! பந்து ஏறுது, ஏறுது, மேல் கம்பியோட அடிவயித்தைத் தடவிட்டு உள்ள எறங்குது. வலை பெருமூச்சு உட்டுச்சு.” கூட்டம் கத்தும். கோல் விழுந்தது மைதானத்தின் அந்தக் கோடியில், எதிர்வெயில் வேறு. பந்து போனது, நடுவர் விசில் ஊதினார், அதற்கு மேல் அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. நசுருதீன் சொல்லச் சொல்ல அதுவே எல்லார் கண்ணிலும் பார்த்த காட்சியாகப் படிந்துபோனது.

அந்தக் கூட்டத்தில் மாசாணமும் கைதட்டிச் சிரிப்பார். ஆனாலும் உள்ளே ஒரு குறை இருந்தது. பந்தி முழுக்கப் பரிமாறிவிட்டு, தன் இலையில் மட்டும் பாயசம் விழாமல் எழுந்தவரின் குறை. எல்லாரும் ‘நான் பார்த்தேன், நான் பார்த்தேன்’ என்று சொல்லும்போது அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. சாவதற்குள் ஒரு தடவை அந்தக் கோலைப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை, அது எப்படி நடக்கும் என்றுதான் தெரியவில்லை.

அவரிடம் ஒரு ரகசியமும் இருந்தது. பிரான்சிஸ் உதைக்க ஓடி வந்த நேரத்தில் நசுருதீன் மைதானத்தைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார். ஒரு முழ தூரத்தில் நின்ற மாசாணத்துக்கு மட்டும்தான் அது தெரியும். ஏன் மூடினார் என்பதும் தெரியும். எட்டடி, இடப்பக்கம் சாய்ந்த கோல்கீப்பர், கம்பியின் அடிவயிறு எல்லாமே நசுருதீனின் சொந்தச் சரக்கு. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், பாயின் புளுகு பதினெட்டு வருஷம் ஓடியது. அவர் மௌத்தாகி மூன்று வருஷம் ஆன பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய மகள் ரூபினா கடைசி வருஷம் அத்தா சொன்னதை போனில் பதிவு செய்து வைத்திருந்தாள். வருஷா வருஷம் அந்தக் குரலைத்தான் எல்லாரும் கேட்டார்கள்.

இந்த வருஷம் பொங்கலுக்கு முன்னால், கல்யாண வீடியோக்காரர் இஸ்மத் வீடு மாற்றினார். பரணில் இருந்து ஒரு கேசட் விழுந்தது. மேலே ‘ஈரோடு பைனல்’ என்று எழுதியிருந்தது. அன்றைக்கு இஸ்மத் ஈரோட்டில் ஒரு நிக்காஹ் முடித்துவிட்டுக் கேமராவும் கையுமாக மைதானத்துக்கு வந்தவர். எடுத்ததையே மறந்துபோயிருந்தார். கடையில் கொடுத்து பென்டிரைவில் மாற்றி வாங்கிய அன்று காளவாயே ரெண்டுபட்டது.

வெள்ளிக்கிழமை ரூபினா மாசாணத்துக்கு போன் செய்தாள். அத்தாவின் இரும்புக் கடையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். மாசாணமும் பழைய வேனை விற்றுவிட்டு, லோடு அடிக்க ஒரு குட்டி யானை லாரி வாங்கிவிட்டார். அவர் கடைக்குப் போனபோது தராசு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவள், அவரைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு டீ சொன்னாள்.

“என்னங் கண்ணு, லோடுங்களா?”

“லோடு இல்லீங் மாமா. ஞாயித்துக்கெழமை நம்மூட்டு டிவிய யூனுஸ் மாமா கடைக்குக் கொண்டுபோகோணும். அவங்க கடையில இருக்கறது சின்னது. ஸ்பீக்கரும் எடுக்கோணும்.”

“அதுக்கென்ன அம்மணி, காலையில வாரேன்.”

“இன்னொண்ணு யோசிச்சு வெச்சிருக்கேனுங். கடைசி உதை வரப்ப வீடியோ சத்தத்தைக் கொறைச்சுப்போட்டு, அத்தாவோட கொரலை ஓட்டறது. அத்தா சொல்லச் சொல்ல பந்து அப்படியே போய் உள்ள உழுகும். எப்படிங் மாமா?”

மாசாணம் அவசரமாகக் கையை ஆட்டி மறுத்தார். “அது எதுக்குங் கண்ணு? கொரலு தனியா கேட்டுக்கலாம், படம் தனியா பாத்துக்கலாம்.”

“ஒட்டுக்கா இருந்தாத்தானுங்க நல்லாருக்கும்.”

“இல்ல, மிஷினு ஏதாச்சும் மக்கர் பண்ணிப்போடும்.”

“அதை நான் பாத்துக்கறேன். இத்தனை நாளா அத்தா சொன்னதைக் காதுலதான கேட்டோம். அவரு கண்ணால பாத்ததை நானும் ஒருக்கா பாத்தரோணும் மாமா. அவ்வளவுதான்.”

மாசாணம் டீயைக் குடித்துவிட்டு எழுந்துகொண்டார். சூடு தெரியாமல் குடித்ததில் நாக்கு பொத்துப்போனது.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவருக்கு ஒரே கணக்குத்தான். நிஜமான பந்து கம்பியின் அடிவயிற்றைத் தடவியிருக்குமா? ஆயிரத்தில் ஒரு பங்கு தடவியிருக்கலாம். பாக்கித் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பங்கில், பாயின் குரல் ஒரு பக்கம் போகும், பந்து வேறு பக்கம் போகும். எல்லார் முன்னாலும், அவர் பெற்ற பெண்ணின் முன்னாலும், செத்துப்போன மனுஷன் பொய்யர் ஆகிவிடுவார். அதே சமயம் மனசின் இன்னொரு மூலை, ‘கோலைப் பார்க்கப் போகிறாய்டா மாசாணம்’ என்று குதித்துக்கொண்டிருந்தது. அந்த மூலையை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் இஸ்மத்தின் ஸ்டூடியோவுக்குப் போய் ஆழம் பார்த்தார். “ஏனுங்க, கடைசி உதை அதுல இருக்குதுங்களா? பேட்டரி கீட்டரி தீந்து போயிருக்குமில்லீங்க?”

இஸ்மத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஆரப் பாத்துக் கேக்கறீங்க? முப்பது வருசத்துல ஒரு கல்யாணத்துலயாச்சும் முக்கியமான நேரத்தை நான் உட்டிருக்கேனுங்களா? மொத பத்து நிமிசம் ஓட்டிப் பாத்தேன். பளிச்சுனு இருக்குது. மிச்சத்தை எல்லாரோடவும் ஒட்டுக்கா பாப்போம்னு நிறுத்திட்டேன்.”

பேட்டரியும் கைவிட்டது. மாசாணம் வீட்டுக்கு வந்து மனைவி செவ்வந்தியிடம், ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். “டிவிய ஆரு கொண்டுபோவா? போயிட்டு வாங்க. கோல் உன்னைய என்ன கடிச்சா திங்கப்போவுது?” என்று செவ்வந்தி மரியாதையில் ஆரம்பித்து ஒருமையில் முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யூனுஸ் கடை மாடியில் நிற்க இடமில்லை. பதினாலு ரசிகர்களில் மூன்று பேர் இப்போது இல்லை. ஆனால் இருக்கிறவர்கள் பிள்ளை குட்டிகளோடு வந்திருந்தார்கள். பிரான்சிஸ் வந்திருந்தான். கணபதியில் சொந்தமாக லேத் பட்டறை, தொப்பை, காதோரம் நரை. ஆனாலும் காளவாயில் அவன் இன்னும் பந்து உதைக்கிற பையன்தான். பிரியாணி முடிந்து டீ வந்தது. ரூபினா எழுந்து தன் யோசனையைச் சொன்னபோது எல்லாரும் கைதட்டினார்கள். பிரான்சிஸின் டீ கிளாஸ் மட்டும் வாய்க்குப் பாதி வழியில் நின்றுபோனதை மாசாணம் கவனித்தார். கூட்டத்தின் முகங்களைக் கவனிப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்ட வேலை.

படம் ஓடியது. இஸ்மத் சொன்னது உண்மைதான், பளிச்சென்று இருந்தது. “டேய், எனக்கு எத்தனை முடி பாரு!” என்று ஒருவர் கத்தினார். இறந்துபோன மூவரில் ஒருவர் திரையில் வெள்ளரிக்காய் தின்றுகொண்டு போனார். ஆட்டம் ஓடி, பெனால்ட்டி ஆரம்பித்தது. நாலாவது உதை முடிந்தது. ஜங்ஷன்காரனின் ஐந்தாவது வானத்துக்குப் போனது. யூனுஸ் சட்டென்று ரிமோட்டை வாங்கி நிறுத்தினார்.

“மாசாணம், திரும்பிக்கங்க.”

“ஏனுங்க, இது நடந்து முடிஞ்ச ஆட்டமுங்க!”

“தெரியும். இருந்தாலும் ரிஸ்க் எதுக்குங்க? கோப்பை கீழ கண்ணாடிப் பொட்டியில இருக்குது. அது அங்கேயே இருக்கட்டும்.”

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் யூனுஸ் சொன்னது சரிதான் என்று நினைத்ததும் மாசாணத்துக்குத் தெரிந்தது. என்ன ஆச்சரியம் என்றால், அவருக்கு நெஞ்சு லேசானது. பாயின் குரலும் பந்தும் முட்டிக்கொள்வதைத் தான் பார்க்க வேண்டாம். அவர் எழுந்து, டிவிக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நின்றார். இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் நின்ற மாதிரியே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ரூபினா படத்தை ஓடவிட்டு, அதன் சத்தத்தைக் குறைத்து, போனை ஸ்பீக்கரில் மாட்டினாள். நசுருதீனின் குரல் மாடியில் எழுந்தது. “பிரான்சிஸ் எட்டடி பின்னால போனான். நின்னான்.”

மாசாணம் முகங்களைப் பார்த்தார். எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள். “கோலி இடப்பக்கம் ஒரு நூலு சாஞ்சான்.” புருவங்கள் சுருங்கின. யூனுஸ் வாயைத் திறந்தார், மூடவில்லை. இஸ்மத் தலையில் அடித்துக்கொண்டார். பிரான்சிஸ் தரையைப் பார்த்தான். “அடிச்சான் பாருங்க ஒண்ணு!” ரூபினாவின் கை மெல்ல எழுந்து வாயைப் பொத்தியது.

அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. பிரதர்ஸ் தோற்றால் தோற்கட்டும் என்று திரும்பினார்.

திரையில் பந்து இல்லை, பிரான்சிஸ் இல்லை, மைதானமே இல்லை. கட்டம் போட்ட நீலச் சட்டையில் ஒரு முதுகு நின்றது. அது மாசாணத்தின் முதுகு. அதன் தோளுக்கு மேலே நசுருதீனின் முகம் திரை நிறைய இருந்தது. கண்கள் இறுக்க மூடியிருந்தன. உதடுகள் எதையோ சொல்லிக்கொண்டிருந்தன. ஸ்பீக்கரில் அதே நசுருதீன், “பந்து ஏறுது, ஏறுது, மேல் கம்பியோட அடிவயித்தை” என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ரூபினா படத்தையும் குரலையும் நிறுத்தினாள்.

“என்னய்யா எடுத்து வெச்சிருக்கீங்க?” என்று யூனுஸ் இஸ்மத்தின் மேல் பாய்ந்தார். “கோல் எங்க?”

இஸ்மத் அழாத குறை. “தாலி கட்டற நேரத்துல தாலிய எடுக்கக் கூடாதுங்க, பொண்ணோட அம்மா மொகத்தை எடுக்கோணும்னுதான் எனக்கு வாத்தியாரு சொல்லிக் குடுத்தது. எங்காளுங்க நிக்காஹ்லயும் கையெழுத்துப் போடறப்ப பொண்ணோட அத்தா மொகம்தான். கை தானா திரும்பிருச்சுங்க. முக்கியமான நேரம்னா எனக்குக் கை மொகத்துக்குத்தானுங்க போவும்.”

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ரூபினா திரையில் உறைந்து நின்ற அத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அத்தா பாக்கவே இல்லீங்களா மாமா?” என்று மாசாணத்திடம் கேட்டாள். “அப்ப இத்தனை வருசமாச் சொன்னதெல்லாம்?”

இனி மறைத்துப் பிரயோஜனம் இல்லை. மாசாணம் அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பாக்கலீங் கண்ணு. எனக்கு அன்னைக்கே தெரியும். எதுத்தாப்பல நின்னவனாச்சே. பொறகு திரும்பி வாரப்ப பாய் எம்பக்கத்து சீட்டுல உக்காந்திருந்தாரு. நான் மனசு தாங்காம, பாய், கோல் எப்படி உழுந்துச்சுன்னு கேட்டுப்போட்டேன். பாத்தவியகிட்டக் கேக்கறதுக்கு எனக்கு வெக்கம். பாய் என்னைய ஒரு பார்வை பாத்தாரு. அப்பறம் சொல்ல ஆரம்பிச்சாரு.” மாசாணத்துக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. “பெருந்துறைக்கிட்ட சொல்றப்ப பந்து தரையோட போச்சுங்க. அவிநாசி வாரப்ப இடுப்பு ஒயரம் எந்திரிச்சுது. கருமத்தம்பட்டி தாண்டறப்ப மேல் கம்பியத் தடவிருச்சு. பொறகால உக்காந்திருந்தவிய எல்லாரும் கேட்டுக் கைதட்ட, அதுவே நெலைச்சுப்போச்சு. எனக்காகச் சொன்னதுங் கண்ணு. நான் பாக்கலைன்னு நான் ஏங்கக் கூடாதுன்னு சொன்னது. அதைப் பொய்யின்னு ஆரு சொன்னாலும் நான் ஒத்துக்கமாட்டேன்.”

பிரான்சிஸ் தொண்டையைச் செருமினான். “நானும் ஒண்ணு சொல்லிர்றேனுங்க. அன்னைக்கு ஓடி வாரப்ப என் கால் மண்ணுல குத்திருச்சு. பந்து வாத்து நடக்கற மாதிரி போய், கோலியோட ரெண்டு காலுக்கு நடுவால நொழைஞ்சுது. வலை பெருமூச்சும் உடலை, ஒண்ணும் உடலை. மறுநாள் இங்க டீ குடிக்க வந்தா, கம்பியோட அடிவயித்துல அடிச்ச மகராசன்னு தூக்கி வெச்சு ஆடறாங்க. நான் என்னத்தைச் சொல்ல? இப்ப எனக்கே பாய் சொன்ன கோல்தானுங்க ஞாபகத்துல இருக்குது. என் மகனுக்கும் அதைத்தான் சொல்லி வெச்சிருக்கேன்.”

முதலில் சிரித்தது ரூபினாதான். அவள் சிரித்த பிறகு மாடி முழுக்கச் சிரித்தது. யூனுஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வாத்து நடக்கற மாதிரியா! அட ஆண்டவனே!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ரூபினா மட்டும் மறுபடி திரையைக் காட்டினாள். “மாமா, அத்தா கண்ண மூடிட்டு என்னமோ சொல்றாரே. சத்தம் வெச்சாலும் அந்த எரைச்சல்ல கேக்காதாட்ட இருக்குது. என்ன சொன்னாருங்க?”

அந்த வார்த்தையைச் செவ்வந்தியிடம்கூட மாசாணம் சொன்னதில்லை. சொன்னால் தேய்ந்துபோகும் என்று ஒரு பயம். ஆனால் கேட்பவள் அந்த வாயில் பேச்சுக் கற்றவள்.

“மாப்ளே, எல்லாத்துக்கும் காட்டற கோலை உனக்கு மட்டும் காட்டமாட்டேங்கறாங்க. நீ பாக்காததை நான் மட்டும் எப்பிடிடா பாக்கறது, எனக்கும் வேண்டாம் போ அப்படின்னாரு. கண்ண மூடிட்டாரு.”

சொல்லி முடித்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்க முயலவும் இல்லை. ஆனால் அது சுகமான அழுகையாக இருந்தது. இருபத்தோரு வருஷம் தூக்கிச் சுமந்த லோடை இறக்கிவைத்தாயிற்று.

ரூபினா கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிமோட்டை எடுத்தாள். “மிச்சத்தையும் பாத்தரலாமுங்க,” என்று சத்தத்தைக் கூட்டினாள்.

மைதானத்தின் இரைச்சல் மாடியை நிறைத்தது. திடீரென்று நாலாப் பக்கமும் ஒரே கூச்சல். கோல் விழுந்த கூச்சலா, தப்பிய கூச்சலா என்று கண்ணை மூடியவருக்குத் தெரிய வழியில்லை. ஊர்க்காரர்கள் ஆயிரம் பேர், காளவாய்க்காரர்கள் பதினாலு பேர். திரையில் நசுருதீன் கண்ணைத் திறக்கவே இல்லை. முகம் பயத்தில் கோணிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் யூனுஸ் எகிறிக் குதித்தார், இன்னொருவர் துண்டை வானத்தில் வீசினார். அந்த முகங்களையெல்லாம் எதிரே பார்த்துக்கொண்டிருந்த நீலச் சட்டை முதுகு ஒரு குலுக்கல் குலுங்கியது. இரண்டு கைகள் நீண்டு நசுருதீனின் தோள்களைப் பிடித்து உலுக்கின. இரைச்சலுக்கு நடுவே மாசாணத்தின் குரல், இளம்வயசுக் குரல், தெளிவாகக் கேட்டது.

“கோலுங்க பாய்! கோலு! நாம செயிச்சுட்டோமுங்க!”

அப்போதுதான் நசுருதீன் கண்ணைத் திறந்தார். மைதானத்தைப் பார்க்கவில்லை. மாசாணத்தின் முகத்தைப் பார்த்தார், பார்த்துவிட்டுச் சிரித்தார். படம் அங்கே ஆடி, வானத்தைக் காட்டி, அணைந்துபோனது.

இது மாசாணத்துக்கு ஞாபகமே இல்லை. கண்ணை மூடியது ஞாபகம் இருந்தது, சொன்ன வார்த்தை ஞாபகம் இருந்தது. அதற்குப் பின்னால் தான் என்ன செய்தோம் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் நினைத்துப் பார்த்ததில்லை. அந்தக் கோலில் தனக்குப் பங்கே இல்லை என்றுதான் இருந்தார்.

“பாத்தீங்களா மாமா,” என்றாள் ரூபினா. “அத்தாவுக்கே கோலைச் சொன்னது நீங்கதானுங்க.”

யூனுஸ் எழுந்து நின்றார். ரசிகர் தலைவர் என்ற முறையில் தீர்ப்புச் சொல்லும்போது மட்டும் அவர் அப்படி நிற்பார். “மாசாணம், வாங்க இப்படி. இந்த வருசம் கோலை நீங்க சொல்றீங்க. எங்களைப் பாத்து நின்னே சொல்லுங்க, அதான உங்களுக்குப் பழக்கம்.”

மாசாணம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நின்றார். அத்தனை முகமும் அவரையே பார்த்தன. பிரான்சிஸைப் பார்த்தார், அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். ரூபினாவைப் பார்த்தார், அவள் முதல் வார்த்தைக்காக முன்னால் சாய்ந்திருந்தாள்.

“பிரான்சிஸ் எட்டடி பின்னால போனானுங்க,” என்று ஆரம்பித்தார் மாசாணம்.